2.8 லீற்றர் 3.1 லீற்றர் ஆகும் வித்தை
நான்கு வாகனங்களின் உறுப்புகள் ஒரே ஸ்போர்ட்ஸ் காருக்குள் சேரும் கதை

கார்களின் பின்புறத்தில் 1.6, 2.0, 2.8 என்று பொறிக்கப்பட்டிருக்கும் எண்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். வீதி வரியும் காப்புறுதிக் கட்டணமும் பல நாடுகளில் அந்த எண்ணையொட்டியே கூடிக் குறைகின்றன. அது காரின் வேகத்தையோ எடையையோ குறிப்பதன்று. இயந்திரத்தின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் உச்சியிலிருந்து அடிவரை ஒரு முறை இறங்கும்போது உண்டாகும் மொத்த இடத்தின் கொள்ளளவே அந்த எண்.

தொழிற்சாலை அளந்து கொடுத்த அந்தக் கொள்ளளவை, இயந்திரத்தின் வெளியுருவத்தில் கைவைக்காமல், உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றிப் பெருப்பிக்க முடியுமா? முடியும். உலகெங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்கள் அரை நூற்றாண்டாக இதனைச் செய்து வருகிறார்கள். ஆயினும் இது பலம் கொண்டு செய்யும் வேலையன்று; கணக்கறிந்து செய்யும் வேலை. கணக்கு ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலும் இயந்திரம் தன்னைத் தானே உடைத்துக் கொள்ளும். இதற்கு மிகவும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றை இங்கு விரிவாகப் பார்ப்போம்.

யப்பானில் பிறந்த கார்

1969ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானின் நிசான் நிறுவனம் 'ஃபெயார்லேடி இசட்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அமெரிக்காவில் நிசானின் விற்பனையை நடத்திய யுட்டாக்கா கட்டயாமா அந்தப் பெயர் அமெரிக்கர்களுக்கு ஒவ்வாது என்று கருதினார். ஆகவே அங்கு அக்கார் 'டட்சன் 240 இசட்' என்ற பெயரில், 3,526 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்க வசதியற்ற நடுத்தர வர்க்கத்தினர் இதனை விரும்பி வாங்கினர். 'மிஸ்டர் கே' என்று அழைக்கப்பட்ட கட்டயாமா 2015இல் தமது 105ஆவது வயதில் காலமானார்.

இக்காரின் பெயர் ஆபிரிக்காவிலும் பரவியது. உலகின் மிகக் கடுமையான ஓட்டப் போட்டிகளில் ஒன்றாகிய கிழக்காபிரிக்க சஃபாரி ராலியில் 240 இசட் 1971இலும் 1973இலும் முதலிடம் பெற்றது. 1973இல் அதனை ஓட்டிய ஷேக்கர் மேத்தா உகண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். 1972இல் இடி அமீன் ஆட்சி ஆசியர்களை நாட்டைவிட்டு விரட்டிய வேளையில் அவருடைய குடும்பம் கென்யாவுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டே அவர் அந்தப் போட்டியில் சுவீடன் நாட்டு வீரர் ஒருவருடன் புள்ளிகளில் சமநிலை அடைந்து, விதிகளின்படி வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு தடவை வென்று, மொத்தம் ஐந்து வெற்றிகளுடன் சாதனை படைத்தார்.

மேத்தா ஓட்டியது 2.4 லீற்றர் இயந்திரம் கொண்ட வகை. 'எல் 24' எனப்பட்ட அது, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களைக் கொண்டது; உடல் இரும்பு, தலை அலுமினியம். யப்பானிலோ 2,000 சி.சி.க்கு மேற்பட்ட கார்களுக்கு வரி மிகுதியாக இருந்தமையால், உள்நாட்டில் பெரும்பாலும் 2.0 லீற்றர் வகையே விற்கப்பட்டது. 1975இல் அமெரிக்காவில் 280 இசட் அறிமுகமானபோது 'எல் 28' என்னும் 2.8 லீற்றர் இயந்திரம் வந்தது. இந்த எல் 28 இயந்திரமே 3.1 லீற்றராக மாற்றப்படுவதற்கு அடித்தளமாகும். யப்பானிய நெடுஞ்சாலைப் பந்தயக்காரரிடையே இந்த 3.1 லீற்றர் இயந்திரம் பெற்ற புகழ், 'வங்கான் மிட்நைட்' என்னும் படக்கதைத் தொடரில் கதாநாயகனின் காருக்கு அதனையே பொருத்தும் அளவுக்கு வளர்ந்தது.

விட்டமும் வீச்சும்

ஒரு சிலிண்டரின் கொள்ளளவை இரண்டே அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, சிலிண்டரின் விட்டம். மற்றது, பிஸ்டன் மேலிருந்து கீழே பயணிக்கும் தூரம். இதனை வீச்சு என்போம். பள்ளிக்கூடத்தில் முசலம் என்று நாம் படித்ததே பிஸ்டன்.

வீச்சை நிர்ணயிப்பது கிராங் தண்டு. சைக்கிளை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். மிதிகட்டையைத் தாங்கும் கை 17 சென்ரிமீற்றர் நீளமாயின், மிதிப்பவரின் கால் மேலிருந்து கீழே 34 சென்ரிமீற்றர் பயணிக்கும். கை நீண்டால் காலின் பயணமும் நீளும். கிராங் தண்டிலும் அவ்வாறே. அதன் கை நீளத்தின் இரு மடங்கே பிஸ்டனின் வீச்சு.

ஆகவே கொள்ளளவைக் கூட்ட இரு வழிகள் உண்டு. சிலிண்டரைக் கடைந்து விட்டத்தைப் பெருப்பிக்கலாம். அல்லது கை நீண்ட கிராங் தண்டைப் பொருத்தி வீச்சைக் கூட்டலாம். 3.1 லீற்றர் இயந்திரத்தில் இரண்டும் செய்யப்படுகின்றன. அதற்குத் தேவையான உறுப்புகள் நிசானின் வேறு வாகனங்களிலேயே கிடைத்தமைதான் இக்கதையின் சுவையான பகுதி. அவற்றின் அளவுகள் வருமாறு:

எல் 24 (240 இசட் கார்): விட்டம் 83 மி.மீ., வீச்சு 73.7 மி.மீ., 2,393 சி.சி.

எல் 28 (280 இசட் கார்): விட்டம் 86 மி.மீ., வீச்சு 79 மி.மீ., 2,753 சி.சி.

எல்டி 28 (டீசல் குடும்பக் கார்): விட்டம் 84.5 மி.மீ., வீச்சு 83 மி.மீ., 2,792 சி.சி.

கேஏ 24 (சிறிய பிக்கப் வாகனம், நான்கு சிலிண்டர்): விட்டம் 89 மி.மீ., வீச்சு 96 மி.மீ., 2,389 சி.சி.

எல் 28 இன் இரும்பு உடலை எடுத்துக் கொள்கிறார்கள். அதனுள் டீசல் காரின் 83 மி.மீ. வீச்சுக் கிராங் தண்டை இடுகிறார்கள். சிலிண்டர்களை 89 மி.மீ. வரை கடைந்து, பிக்கப் வாகனத்தின் பிஸ்டன்களைப் பொருத்துகிறார்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் இணைப்புத் தண்டுகள் பழைய 240 இசட் காரினுடையவை. 89 மி.மீ. விட்டமும் 83 மி.மீ. வீச்சும் கொண்ட ஆறு சிலிண்டர்களின் கொள்ளளவைக் கணக்கிட்டால் 3,098 சி.சி. வரும். எல் 28 ஐ விட இது 12.5 சதவீதம் அதிகம்.

இவை தம்முள் பொருந்துவதற்குக் காரணம், அவை ஒரே நிறுவனத்தின் பொது அளவுகளைப் பின்பற்றியவை என்பதேயாகும். டீசல் கிராங் தண்டு தாங்கிகளின் விட்டம் எல் 28 உடன் ஒத்துப் போகிறது. பிஸ்டன் ஊசியின் விட்டம் எல் வகையிலும் கேஏ 24 இலும் 21 மி.மீ. ஆகும். எனினும் டீசல் கிராங்கின் முன்முனையில் கடைசல் வேலை சிறிது தேவைப்படும்.

207.85 என்னும் எல்லை

கிராங் தண்டை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எல் 28 உடலில், கிராங் தண்டின் மையத்திலிருந்து சிலிண்டரின் மேல்விளிம்பு வரை உள்ள உயரம் 207.85 மி.மீ. இது வார்ப்பு இரும்பில் நிலைத்துவிட்ட அளவு. கிராங்கின் கை நீளம், இணைப்புத் தண்டின் நீளம், பிஸ்டன் ஊசியிலிருந்து பிஸ்டனின் தலை வரை உள்ள உயரம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும்.

தொழிற்சாலைக் கணக்கில் கிராங்கின் கை 39.5, இணைப்புத் தண்டு 130.2, பிஸ்டன் உயரம் 38.1. கூட்டினால் 207.8 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலை சிலிண்டரின் விளிம்போடு சமமாக நிற்கும்.

இப்போது கிராங்கை மட்டும் மாற்றினால் அதன் கை 41.5 ஆகிறது, கூட்டுத்தொகை 209.8. பிஸ்டன் ஏறத்தாழ 2 மி.மீ. வெளியே துருத்தி, தலையில் மோதும். பிக்கப் வாகனத்தின் பிஸ்டன் உயரம் ஏறத்தாழ 34 மி.மீ. மட்டுமே. அதனைப் பொருத்தினால் கூட்டுத்தொகை 205.7 ஆகக் குறைகிறது. பிஸ்டன் 2 மி.மீ.க்கு மேல் பள்ளத்தில் நின்றுவிடும். காற்றும் எரிபொருளும் கலந்த கலவை நன்கு அழுத்தப்படாது.

இந்த இடத்தில்தான் 240 இசட் காரின் இணைப்புத் தண்டு கைகொடுக்கிறது. அந்தக் காரில் வீச்சுக் குறைவாக இருந்தமையால், அதே உயரத்தை நிரப்ப நிசான் பொறியியலாளர் 133 மி.மீ. நீளமான தண்டைப் பயன்படுத்தியிருந்தனர். 41.5, 133, 34 ஆகியவற்றைக் கூட்டினால் 208.5. மிஞ்சுவது 0.65 மி.மீ. மட்டுமே. பிஸ்டனின் தலையில் அவ்வளவைக் கடைந்து நீக்குகிறார்கள். அல்லது தலைக்கும் உடலுக்கும் இடையில் தடித்த கஸ்கட் ஒன்றை இடுகிறார்கள். 89 மி.மீ. துளைக்கு ஏற்ற பெரிய கஸ்கட் எவ்வாறாயினும் வேண்டும்.

ஒரு உறுப்பை மாற்றினால் மற்ற இரண்டும் அதற்கு இடம்விட வேண்டும் என்பதே இந்தக் கணக்கு சொல்லும் செய்தி. விலை உயர்ந்த உறுப்புகளை வாங்கிக் குவித்துவிட்டு, பொருத்தும்போது திகைத்து நிற்போர் பெரும்பாலும் இக்கூட்டலைச் செய்து பாராதவர்களே.

அழுத்தமும் எரிபொருளும்

அடுத்து வருவது அழுத்த விகிதம். பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டருக்குள் உள்ள மொத்த இடம், அது உச்சிக்கு வந்ததும் எத்தனையில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது என்பதே இந்த விகிதம். 1975ஆம் ஆண்டு எல் 28 இல் இது 8.3. அதன் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 459 சி.சி.; உச்சியில் எஞ்சும் இடம் 63 சி.சி. அந்த எஞ்சும் இடத்தை மாற்றாமல் சிலிண்டரை 516 சி.சி. ஆக்கினால், விகிதம் தானாகவே 9.2க்கு ஏறிவிடும். 10 என்னும் விகிதம் வேண்டுமாயின் எஞ்சும் இடம் 57 சி.சி. ஆக இருக்க வேண்டும். இதனைக் கண்ணால் மதிப்பிட முடியாது. எரியறையின் மேல் கண்ணாடித் தகடு ஒன்றை மூடி, அளவுக்குழாயால் திரவம் ஊற்றி, ஆறு அறைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

விகிதம் கூடக்கூடச் சக்தி கூடும். ஆனால் எரிபொருளும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். தரம் குறைந்த எரிபொருள் மிகையழுத்தத்தில் தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடிக்கும். அதன் ஒலி இயந்திரத்துக்குள் சுத்தியலால் தட்டுவது போலிருக்கும். சில நிமிடங்களில் பிஸ்டனில் ஓட்டை விழுவதும் உண்டு.

இதன் மறுபக்கத்தை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடையாமற் போனபோது, ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலில் இயக்கித் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அக்கார்களின் அழுத்த விகிதம் தாழ்வாக இருந்தமையாலேயே இது சாத்தியமாயிற்று. 10 விகிதமுள்ள இயந்திரத்தில் அவ்வாறு செய்திருந்தால் அது நெடுநாள் தாங்கியிராது. அன்று எமது மெக்கானிக்குகள் கைப்பட அறிந்து கையாண்ட விதியும், 3.1 லீற்றர் இயந்திரம் கட்டுவோர் எழுதிக் கணக்கிடும் விதியும் ஒன்றே.

வேகம் தரும் சுமை

வீச்சு நீண்டால் பிஸ்டன் அதே நேரத்தில் அதிக தூரம் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில், எல் 28 இன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 18.4 மீற்றர் ஓடுகிறது, 83 மி.மீ. வீச்சில் அது 19.4 மீற்றராகிறது. உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 3,000 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள பிஸ்டன் அக்கணத்தில் ஒன்றரைத் தொன் விசையுடன் இணைப்புத் தண்டை இழுக்கிறது. இது வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் நிகழும்.

ஆகவே பழைய இணைப்புத் தண்டுகளை அப்படியே பொருத்துதல் ஆபத்தானது. அவற்றில் நுண்வெடிப்பு உண்டா என்று பரிசோதித்து, போல்ட்களைப் புதிதாக இட வேண்டும். 240 இசட் தண்டுகளில் 8 மி.மீ. போல்ட் கொண்டவையும் 9 மி.மீ. போல்ட் கொண்டவையும் உள்ளன. தடித்த வகையே விரும்பப்படுகிறது. நீண்ட கிராங் தண்டு வேகத்தில் முறுக்குண்டு அதிரும் இயல்புடையது. அந்த அதிர்வை அடக்கும் முன்முனைச் சக்கரத்தின் இறப்பர் காய்ந்து வெடித்திருப்பின் அதனையும் மாற்ற வேண்டும்.

விட்டத்தை 3 மி.மீ. பெருப்பிப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு சிலிண்டர் சுவரிலிருந்தும் 1.5 மி.மீ. இரும்பு போய்விடும். வார்ப்பின்போது உள்ளச்சு சற்று விலகியிருந்தால் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். எனவே கடைவதற்கு முன் மீயொலிக் கருவியால் ஆறு சிலிண்டர்களின் சுவர்த் தடிப்பையும் அளப்பார்கள். மெலிந்த உடலாயின் அதனை ஒதுக்கிவிட்டு வேறொன்று தேட வேண்டியதுதான்.

இத்தனையும் செய்து முடித்தாலும், பெரிய இயந்திரம் மூச்சுவிட வழி வேண்டும். தலையின் வாயில்கள் சிறியவையாக இருந்தால் கூடுதல் கொள்ளளவு வீணாகும். இதனால் எல் 28 இன் 44 மி.மீ. உள்வாங்கும் வால்வு கொண்ட தலையைத் தேர்ந்து, வழிகளைச் செப்பனிட்டு, மூன்று இரட்டைக் காபுறேற்றர்களைப் பொருத்துவது வழக்கமாயிற்று. இத்தாலிய வெபர், யப்பானிய மிகுனி வகைகள் இதற்குப் பெயர்பெற்றவை.

டீசல் கிராங் தண்டுகள் இன்று அரிதாகிவிட்டன. ஆகவே அதே அளவில் புதிதாக வார்த்தும் கடைந்தும் செய்யப்படும் தண்டுகளை விசேட நிறுவனங்கள் விற்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் வாழும் நாடுகளில் இத்தகைய மாற்றம் செய்வதும், செய்த காரை வீதியில் ஓட்டுவதும் வெவ்வேறு விடயங்கள். ஜேர்மனியில் வீதிப் போக்குவரத்து அனுமதிச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றமோ, புகையையும் இரைச்சலையும் கூட்டும் மாற்றமோ செய்தால் வாகனத்தின் இயக்க அனுமதி செயலிழக்கும். மாற்றத்தை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் காட்டிப் பதிவு செய்தல் வேண்டும். சுவிற்சர்லாந்திலும் மாநில வாகனத் திணைக்களத்தின் பரிசோதனை அவசியம். பிரித்தானியாவில் இயந்திரக் கொள்ளளவு மாறினால் பதிவுப் பத்திரத்தில் அதனைத் திருத்த வேண்டும்.

எந்த நாடாயினும் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றம் செய்திருந்தால், விபத்தின்போது அது நட்டஈடு மறுக்கலாம். அல்லது செலுத்தியதைத் திருப்பிக் கேட்கலாம். வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது தண்டனைப் பதிவுகள் பார்க்கப்படுகின்றன. நண்பரின் வாகனத் திருத்தகத்தில் ஒரு வார இறுதியில் 'பவர்' கூட்டிக் கொள்ளும் இளைஞர் ஒருவருக்கு, அதன் விலை உதிரிப்பாகங்களின் விலையோடு முடிந்துவிடாது.

கற்போருக்கு ஒரு வாய்ப்பு

அதேவேளை இக்கலையில் ஈடுபாடுள்ள இளையோரை 'கார்ப் பைத்தியம்' என்று பெற்றோர் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. மேலே கண்ட கூட்டல், கொள்ளளவுக் கணக்கு, அளவுக்கருவிப் பயிற்சி யாவும் ஒரு முறையான தொழிலின் பாடங்கள். ஜேர்மனியில் வாகன இயந்திரவியலும் மின்னணுவியலும் இணைந்த தொழிற்பயிற்சி மூன்றரை ஆண்டுகள் நீடிக்கிறது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்கும்கூட, இத்தகைய பயிற்சியில் சேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பயிற்சிக் காலம் முழுவதும் அந்நாட்டில் தங்கியிருக்க வழிசெய்யும் ஏற்பாடு 2016 முதல் வலுப்படுத்தப்பட்டுள்ளது. உரிய சட்ட ஆலோசனையைப் பெற்ற பின்னரே இதில் இறங்க வேண்டும்.

இயந்திரம் கட்ட விரும்பும் இளைஞர் முதலில் வாங்க வேண்டியது பளபளக்கும் காபுறேற்றர் அன்று. நூறில் ஒரு மில்லிமீற்றர் வரை அளக்கும் மைக்குறோமீற்றர். பழுதடைந்த பழைய இயந்திரம் ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்து, முழுவதும் கழற்றி, கிராங்கின் கை, இணைப்புத் தண்டு, பிஸ்டன் உயரம் ஆகிய மூன்றையும் அளந்து கூட்டிப் பார்க்கட்டும். கூட்டுத்தொகை அந்த இயந்திரத்தின் உடல் உயரத்தோடு பொருந்தி வரும்வரை அளந்து பழகுவதே முதற்பாடம்.